ஒற்றைக் காலில் நின்றவர்

கல்யாணமாகி மலாக்கா டவுனுக்கு வந்த மறுநாள் காலை, முகம் கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். அங்கே கொய்யா மரத்தடியில் ஒரு மனிதர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்தார். இடது கால் தரையில். வலது கால் மடங்கி அந்தரத்தில். கும்பிடவில்லை, மந்திரம் எதுவும் முணுமுணுக்கவில்லை. எதிரே இருந்த பலகைச் சுவர் தனக்கு ஏதோ கெடுதல் செய்துவிட்ட மாதிரி அதை முறைத்துக்கொண்டு நின்றார். நான் வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்துவிட்டேன்.

“பக்கத்து ரூம் அண்ணன்தான்,” என்றார் என் வீட்டுக்காரர். “காலு சரியில்ல அவருக்கு. தினமும் அப்படித்தான் நிப்பாரு. நீ பாட்டுக்குத் தண்ணி பிடிச்சிட்டு வா.”

காஜா பேராங்கில் அது ஒரு நீளமான பலகை வீடு. சொந்தக்காரி ஒரு மலாக்காச் செட்டி அம்மாள், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசிப் பழகிவிட்ட வம்சம். மலாய்க் கெபாயா உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, மாரியம்மனிடம் மலாயில் வேண்டிக்கொள்ளும் ஆள். தமிழ் வராது. பீபி என்று கூப்பிடுவோம். வீட்டை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார். ஓர் அறையில் நானும், நகராண்மைக் கழகத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும். அடுத்த அறையில் அந்த அண்ணன், தனி ஆள். மெர்டேகாவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, ஐந்தாறு வருடம் முந்தைய கதை இது.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். சமதரையில் நடக்கும்போது பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. காலடியில் ஒரு கூழாங்கல், ஒரு மாங்கொட்டை, தார்ச் சடக்கின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் அகப்பட்டால் போதும். இடது பாதம் உள்பக்கமாக மடங்கி ஆளைச் சாய்த்துவிடும். அந்தக் கணுக்காலின் வெளிப்புறம் எப்போதும் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்தே இருக்கும். விழும்போது சத்தம் போடமாட்டார். யாராவது கை கொடுத்தால் பிடிக்கமாட்டார். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, கையும் களவுமாகப் பிடிபட்டவனைப் பார்ப்பதுபோல் தன் பாதத்தைப் பார்ப்பார். பிறகு எழுந்து, அதே இடத்தில் அதே காலில் ஒரு தடவை நின்று காட்டிவிட்டுத்தான் நகர்வார். பாசாரில் விழுந்தாலும் சரி, பஸ் நிற்கும் இடத்தில் விழுந்தாலும் சரி, இதுதான் வழக்கம். ஜனங்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொள்வார்.

அப்படிச் சிரித்தவர்களில் ஒரு காப்பிக்கடைக்காரரும் உண்டு. அண்ணனுக்கு வேலை சினிமாக் கொட்டகையில். வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பார். காப்பிக்கடைக்காரர் சிரித்து ஒரு வருடம் போயிருக்கும். தீபாவளிக்குப் புதுப்படம் வந்தது. அவர் குடும்பத்தோடு வந்து டிக்கெட்டை நீட்ட, அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முதலாளியிடம் கேட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். உள்ளே முதல் பாட்டு முடிந்து இரண்டாவது பாட்டும் முடிந்த பிறகு, “சரியாத்தான் இருக்கு, போங்க,” என்று கிழித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இதை எங்களிடம் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு வேலையை முடித்த நிம்மதி மட்டும் தெரிந்தது.

எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். பீபி அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர்தான் நடுவில் நின்று மலாயைத் தமிழாக்கிச் சொல்வார். “கால் சரியாகட்டும்,” என்பார் அண்ணன். சிரம்பானில் நல்ல வேலை இருக்கிறது என்று ஒருவர் கூப்பிட்டார். “கால் சரியாகட்டும்.” பத்துமலைக்குத் தைப்பூசம் போகலாமா என்றால் அதற்கும் அதே. படி ஏறப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரையும் போல நடக்கத்தான் அவர் அந்தக் காலைச் சரி செய்கிறார் என்பது அப்போதைய என் எண்ணம்.

ஒரு மழை நாள் மத்தியானம் உண்மை தெரிந்தது. வாசலில் லோங்கானுக்கு மேல் போட்டிருந்த பலகை ஈரத்தில் வழுக்க, அண்ணனின் கால் மடங்கி, இடுப்பு வரை சாக்கடைத் தண்ணீரில் விழுந்துவிட்டார். நானும் பீபியும் ஓடினோம். அன்றைக்குக் காலில் தொட்ட இடமெல்லாம் வலி. நிற்கவே முடியவில்லை. நான் புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் பற்றுப் போட்டேன். கணுக்காலைத் தொட்டபோது அவர் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது.

“எப்பண்ணே இப்படி ஆச்சு?”

“சயாம்ல.”

என் கை நின்றுவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கும் பர்மாவுக்கும் ரயில் பாதை போட எங்கள் தோட்டங்களிலிருந்து ஆட்களை வாரிக்கொண்டு போனார்கள். ஜாசின் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலும் ஒரு நாள் காலைப் பெரட்டில் லாரி வந்து நின்றது. ஆள் கணக்கெடுக்க வரிசையில் நின்றவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டார்கள். என் சொந்த அண்ணன் அதில் போனவர்தான், திரும்பவே இல்லை. எங்கள் அம்மா சாகும்வரை சாயங்காலச் சோற்றில் ஒரு பிடியை மூடி வைப்பார். பக்கத்து அறை அண்ணனிடம் இதை நான் அதுவரை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

“எங்க கேம்புல தமிழ்க் கிராணி ஒருத்தன்,” என்று ஆரம்பித்தார். “வேலைக்கு எத்தன பேருன்னு எண்ணி ஜப்பான்காரன்கிட்ட கணக்கு குடுக்கணும். ஒருநாள் மண்கூடையை இறக்கிட்டு செத்த நேரம் உக்காந்தேன். மண்வெட்டிக் காம்பால கணுக்கால்ல ஒரு போடு போட்டான். கால் உள்பக்கமா மடங்கிருச்சு. அத நான் மன்னிச்சிருவேன் தங்கச்சி. அவன் அடிக்கலன்னா ஜப்பான்காரன் அவன அடிப்பான். ஆனா மறுநாள் காலையில கால் பூசணிக்காயா வீங்கிக் கெடக்கு. படுக்க விடுங்க ஐயான்னு கெஞ்சுறேன். ‘நடிக்காதடா, நட’ங்கிறான். அதுக்கு மறுநாளும் அதேதான். ஆளு குறைஞ்சா அவனுக்குக் குடுக்கிற சிகரெட்டு குறையும். ஒரு பத்து நாள் படுக்க விட்டிருந்தா உள்ள நாரு ஒட்டியிருக்கும். சிகரெட்டுக்காக எங் கால நடக்க வச்சே அறுத்தான்.”

“அவன் இப்ப எங்கண்ணே?”

“இங்கதான். ஜாலான் பெண்டஹாராவுல.”

கடையின் பெயரைச் சொன்னார். எனக்குத் தெரிந்த கடைதான். என் கல்யாணப் புடவையை அங்கேதான் எடுத்தார்கள். முதலாளி, நெற்றி நிறைய விபூதியும் வெள்ளை ஜிப்பாவுமாக, தானே எழுந்து வந்து மடிப்பை விரித்துக் காட்டி, “மகராசியா இரும்மா,” என்று வாழ்த்தியிருந்தார். அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் புடவையை எடுத்துக் கிழித்துத் தரை துடைக்கும் துணியாக்கினேன். வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“புடவை என்னா பாவம் பண்ணுச்சு?”

“அவன் கை பட்டிருக்கு,” என்றேன்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். யுத்தம் முடிந்து திரும்பி வந்து, ஊர் ஊராக விசாரித்து, கடைசியில் மலாக்காவில் அந்த மனிதரைக் கண்டுபிடித்திருக்கிறார். கடைவாசலில், ஜனங்கள் பார்க்க ஒரு உதை. அவ்வளவுதான் அவர் நினைத்திருந்தது. நேரே போனார், வலது காலைத் தூக்கினார். இடது கணுக்கால் மடங்கியது. தலைகுப்புற விழுந்தார். நெற்றி போய்ப் பட்டது கிராணியின் கால்விரலில்.

“அவன் குனிஞ்சு எந் தலையில கை வச்சான் தங்கச்சி. ‘நல்லா இருப்பா. எழுந்திரு. கால்லெல்லாம் விழக் கூடாது’ன்னான். நான் ஆசீர்வாதம் வாங்க விழுந்தேன்னு நெனச்சிட்டான். சுத்தி நின்னவங்களும் அப்படித்தான் நெனச்சாங்க. ஒரு அம்மா கண்ணத் துடைக்கிறா. அவனுக்கு என் மூஞ்சிகூட ஞாபகம் இல்ல.”

அதற்குப் பிறகும் அந்த முதலாளி அவரை விடவில்லை. சினிமாவுக்குக் குடும்பத்தோடு வரும்போதெல்லாம் வாசலில் நின்று, “என்னாப்பா, கால் எப்படி இருக்கு?” என்று விசாரிப்பார். கூட வந்தவர்களிடம், “நல்ல பையன், நம்ம கால்ல விழுந்து ஆசி வாங்கினவன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். அண்ணன் டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைத் திருப்பிக் கொடுப்பார். அவருடைய டிக்கெட்டை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கமாட்டார். சில்லறையாகத் தீர்க்கும் கணக்கில் அந்த மனிதர் சேரவில்லை.

என் வீட்டுக்காரர் கொஞ்சம் அவசரக்காரர். ஒருநாள் கேட்டே விட்டார். “எதுக்குண்ணே இவ்வளவு வருஷம் ஒத்தக் கால்ல நிக்கணும்? லாரியில ஸ்பானர் கெடக்கு. நான் வரேன், ஒரே போடு.”

“ஸ்பானரால அடிச்சா ஸ்பானர் அடிச்சதா ஆயிரும் தம்பி,” என்றார் அண்ணன். “அவன் கெடுத்த கால்ல நான் நிக்கணும். நின்னுக்கிட்டு உதைக்கணும். உதைக்கிற கால் நல்ல கால்தான். நிக்கிற காலுதான் நமக்குச் சிக்கல்.”

பெரியாஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒருவர் அவருக்கு விளக்கிச் சொல்லியிருந்தார். எலும்பில் பழுதில்லை, எலும்பை இழுத்துக் கட்டும் நார்தான் அறுந்து, தொளதொளவென்று ஒட்டியிருக்கிறது, இனி அது இறுகாது, வெளிப்பக்கத்துச் சதைதான் அதன் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஆனால் அந்தச் சதைக்குச் சேதி தாமதமாகப் போகிறது, அது விழித்துக்கொள்வதற்குள் பாதம் மடங்கி முடிந்துவிடுகிறது. இதைக் கேட்டதிலிருந்து அண்ணனுக்குத் தன் கால் ஒரு தூங்குமூஞ்சிக் காவல்காரன் மாதிரி ஆகிவிட்டது. அதை எழுப்பிவிடுவதே வேலையாக இருந்தார்.

முதலில் வெறுந்தரையில் நின்றார். அது பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கண்ணை மூடினால் அவர் கணுக்கால் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே! உள்ளே சாயும், வெளியே சாயும், கட்டைவிரல் தரையைப் பிறாண்டும், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு நரம்புக் கயிறு சுண்டிச் சுண்டி அடங்கும். அடுத்து, மடித்த கோணிச்சாக்கின்மேல் நின்றார். விடுமுறை நாளில் சைக்கிளில் உஜோங் பாசிர் போய்க் கடற்கரை மணலில் நின்றார். என் வீட்டுக்காரரிடம், “நான் எதிர்பார்க்காத நேரமாப் பாத்துத் தோளைத் தள்ளி விடு தம்பி,” என்று சொல்லி வைத்திருந்தார். பசியாறிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து போய் இவர் தள்ளிவிட்டு வருவார். அண்ணன் விழுவார், எழுந்து, “இன்னொருவாட்டி,” என்பார். பீபி தலையில் அடித்துக்கொள்வார்.

பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்கள் சாயங்காலம் திடலில் வட்டமாக நின்று ராகா என்ற பிரம்புப் பந்தைத் தரையில் விழாமல் காலால் தட்டித் தட்டி விளையாடுவார்கள். அண்ணன் போய் அந்த வட்டத்தில் சேர்ந்துகொண்டார். இடது காலில் நின்று வலது காலால் தட்ட வேண்டும். முதல் மாதங்களில் பந்தும் விழும், இவரும் விழுவார். அவருக்குப் பாங்காவ் என்று பெயர் வைத்தார்கள், மலாயில் கொக்கு. அந்தச் சிரிப்பில் மட்டும் அவர் யார் முகத்தையும் குறித்து வைத்துக்கொள்ளவில்லை. விழுந்தவருக்கே அடுத்த பந்தையும் தட்டிவிடும் மனிதர்கள் அவர்கள்.

நான் ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாட்கள் சோம்பலாக, சீக்கிரம் காலை இறக்கிவிடுவார். “என்னாண்ணே, அதுக்குள்ளயா?” என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பேன். மறுபடி தூக்குவார். அந்த உதையில் எனக்கும் பங்கு இருந்தது. எந்த மண்ணில் கிடக்கிறார் என்றே தெரியாத என் அண்ணனுக்கு வேறு என்ன செய்ய முடியும் என்று நான் நினைத்தேன். காய்ச்சல் வந்து அவர் படுத்தபோதுகூட, கஞ்சியைக் கொடுத்துவிட்டு, “நாளைக்கு நிக்கணும்ண்ணே,” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஒருமுறை எல்லாம் வீணாகிப் போனது. சுதந்திரத் தேதியை மலாக்கா பாடாங்கில் அறிவித்தார்களே, அந்த நாள். டவுனே திடலில் நின்றது. கூட்டத்தில் கொஞ்சம் முன்னால் அந்த முதலாளி நின்றுகொண்டிருந்தார். அண்ணன் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு முன்னே நகர்ந்தார். புல் மறைத்திருந்த ஒரு குழியில் இடது கால் இறங்கியது. கூட்டம் ஆரவாரம் செய்தபோது அவர் அதன் காலடியில் கிடந்தார். என் வீட்டுக்காரர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். கால் கறுத்து வீங்கி, பல வாரம் தரையில் ஊன்ற முடியவில்லை.

“விட்டுருங்கண்ணே,” என்றார் என் வீட்டுக்காரர். “சொதந்திரமே வரப்போவுது. பழசெல்லாம் எதுக்கு?”

“சொதந்திரம் வந்தா அவனுக்கும்தானே வரும்,” என்றார் அண்ணன்.

வீக்கம் வற்றியதும் பழையபடி கொய்யா மரத்தடிக்குப் போனார். வெறுந்தரையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

மெர்டேகா கொண்டாட்டத்துக்கு ஜாலான் பெண்டஹாராவில் கடைக்காரர்கள் சேர்ந்து பந்தல் போட்டார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தோரணம். தோட்டங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் பஸ் ஏறி வந்திருந்தார்கள். துணிக்கடை முதலாளிதான் முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தினார். கழுத்தில் மாலை. மேடையில் ஏறி, யுத்த காலத்தில் சிங்கப்பூரில் தான் பட்ட கஷ்டங்களை உருக்கமாகப் பேசினார். குண்டு விழுந்ததையும் மரவள்ளிக்கிழங்கு தின்றதையும் சொன்னார். நாமெல்லாம் இனிச் சுதந்திர மக்கள், யார் காலிலும் யாரும் விழ வேண்டியதில்லை என்று முடித்தார். கை தட்டினார்கள். பிறகு இறங்கி வந்து, தட்டில் லட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தானே கொடுத்துக்கொண்டு வந்தார்.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். செருப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “வச்சிரு தங்கச்சி.” அப்போதுதான் எனக்கு விளங்கியது. இடது பாதத்தைத் தரையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். “தார் ரோடு,” என்றார் மெதுவாக. “மேடு பள்ளம் இல்ல.”

முதலாளி வந்துவிட்டார். “அட, வாப்பா. கால் எப்படி இருக்கு?”

“சரியாயிருச்சுங்க,” என்றார் அண்ணன்.

நான் அவர் கணுக்காலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கால் தரையை விட்டுக் கிளம்பியதும் இடது பாதம் ஒருமுறை உள்பக்கம் சாய்ந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. வெளிப்பக்கத்துச் சதை சுண்டி இழுத்தது. பாதம் நிமிர்ந்துவிட்டது. உதை முதலாளியின் இடுப்பில் விழுந்தது. மனிதர் தட்டோடு பின்னால் போய் உட்கார்ந்தார். லட்டுகள் ரோட்டில் உருண்டன. அண்ணன் தூக்கிய காலை இறக்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்க்கும்வரை அப்படியே ஒற்றைக் காலில் நின்றார்.

முதலாளிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். நாலு பேர் ஓடி வந்து அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் திமிறவில்லை. உரக்கச் சொன்னார்: “இவரு சிங்கப்பூர்ல இல்ல. சயாம்ல இருந்தாரு. எங்களுக்குக் கிராணி. வீங்கின காலோட என்னை மண்ணு சுமக்க வச்சாரு. காய்ச்சல்ல கெடந்தவங்களையும் சுமக்க வச்சாரு. பல பேரு அப்படியே போய்ச் சேந்தாங்க.”

“பைத்தியம்,” என்றார் முதலாளி, வேட்டியைத் தட்டிக்கொண்டே. “சினிமாக் கொட்டகையில டிக்கெட் கிழிக்கிறவன். கால்ல கோளாறு, இப்ப மூளையிலயும் கோளாறு. கூட்டிட்டுப் போங்கப்பா.”

ஜனங்கள் அவர் பக்கம்தான் நின்றார்கள். ஒருவர் அண்ணனைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் உதறிவிட்டு முன்னால் போனேன். திட்டம் எதுவும் இருந்ததாகச் சொல்லமாட்டேன். வருடக்கணக்காக யாரிடமாவது கேட்க வேண்டும் என்று நெஞ்சில் கிடந்த கேள்வி அது. முதலாளியிடமே கேட்டேன், மரியாதையாகத்தான் கேட்டேன்.

“ஐயா, ஜாசின் தோட்டத்து ஆளுங்க உங்க கேம்புல இருந்தாங்களா?”

“ஜாசின் ஆளுங்கள்லாம் மேல் கேம்பும்மா, நான் கீழ—”

அங்கேயே நிறுத்திவிட்டார். ஆனால் சுற்றி நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் தோரணம் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கையில் லட்டு வைத்திருந்த ஒரு கிழவர் குனிந்து அதை அந்தத் தட்டிலேயே திருப்பி வைத்தார். இன்னொருவரும் வைத்தார். பின்னாலிருந்து ஒரு அம்மாள், “தம்பின் தோட்டத்து ஆளுங்க எந்தக் கேம்புய்யா? எம் மவன் அதுல போனான்,” என்றார். அண்ணனைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்துவிட்டன.

போலீஸ் வந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனது. புகார் கொடுக்க யாரும் வராததால் சாயங்காலமே விட்டுவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போனால் சயாமைப் பற்றியும் கேட்பார்கள் அல்லவா!

அந்த உதை பெரிய விஷயமில்லை, அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரியது. செய்தி பஸ் ஏறித் தோட்டங்களுக்குப் போனது. புருஷனை, மகனை, தம்பியைச் சயாமில் விட்டவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கடைக்கு வந்தார்கள். யாரும் கல்லெறியவில்லை. கடைக்குள் வந்து, துணி பார்க்கிற மாதிரி நின்று, ஊர் பெயரைச் சொல்லி, ஆள் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். முதலாளி உள்ளே எழுந்து போய்விடுவார். அவர்கள் வாசலில் உட்கார்ந்துகொள்வார்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நானும் போவேன். ஒரு வெள்ளிக்கிழமை கடையில் அவர் தனியாக இருந்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது.

“உங்க அண்ணன் பேரு என்னம்மா?” என்றார்.

சொன்னேன்.

“எங்களுக்குப் பேரெல்லாம் தெரியாதும்மா. நம்பர் மட்டும்தான். சொன்னா நம்புங்க.”

“நம்புறேன்,” என்றேன். “அடுத்த வெள்ளிக்கிழமையும் வருவேன்.”

போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். மழைக்காலம் முடிவதற்குள் கடையை வேறு ஆளுக்கு விற்றுவிட்டு, குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்.

அண்ணன் மரத்தடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். உதைத்த மறுநாளே நிறுத்திவிட்டார். பீபி கொண்டு வந்த அடுத்த வரனுக்குச் சரி என்றார். உஜோங் பாசிரில் பலகாரம் செய்து விற்கும் ஒரு விதவை, கைக்குழந்தையோடு இருந்தவர். எளிமையாகக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடிபோனார். சில மாதங்களில் கால் பழையபடி ஆகிவிட்டது. பாசாரில் ஒருநாள் என் கண்ணெதிரிலேயே மடங்கி விழுந்தார். மீன்காரர் சிரித்தார். அண்ணனும் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து எழுந்தார். எனக்குத்தான் கோபம் வந்தது.

“நல்லா நின்ன காலுண்ணே. காலையில கொஞ்ச நேரம் நின்னா என்னா?”

“இனிமே யார உதைக்கப் போறேன் தங்கச்சி?” என்றார்.

அவருக்கு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. அவர் காலுக்கு அந்த மனிதர் பதில் சொல்லியாகிவிட்டது. என் அண்ணனுக்கு என்ன பதில்? மேல் கேம்பு என்ற ஒரே ஒரு சொல்லைத்தான் நான் அந்த ஆளிடமிருந்து வாங்கினேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, கடையை வாங்கியவர் வழியாகச் செய்தி வந்தது. அந்த மனிதர் ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச் சேர்ந்தாராம். நான் நேரே வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். முந்திரி, திராட்சை எல்லாம் போட்டுப் பாயசம் காய்ச்சினேன். என் வீட்டுக்காரர் ஒரு கிண்ணம் குடித்தார். மீதியைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறி உஜோங் பாசிருக்குப் போனேன்.

அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. பக்கத்தில் ஊன்றுகோல்.

“என்னா விசேஷம் தங்கச்சி?”

“அவன் போயிட்டான்ண்ணே.”

யார் என்று அவர் கேட்கவில்லை. தூக்கு மூடியில் ஊற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். கடலைப் பார்த்தபடி மெதுவாகக் குடித்தார். அடியில் கிடந்த முந்திரியையும் விரலால் வழித்துத் தின்றார். ஏதாவது சொல்வார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சர்க்கரை கொஞ்சம் குறைச்சல்,” என்றார். மூடியை மறுபடியும் நீட்டினார்.